ஜியோநெட் தூண்களைத் தேடிப் போவது: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

ஐந்து மீட்டர் உயர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தூண், உச்சியில் ஆன்டெனாவை மூடிய வெளிர் குல்லா. ஜப்பானில் பூங்கா ஓரம், பள்ளி மைதானம், நகராட்சி நிலம் என்று பல இடங்களில் இது நிற்கும். 'டென்ஷி கிஜுன்டென்' என்பது அதன் பெயர், அதாவது மின்னணுக் குறிப்புப் புள்ளி: செயற்கைக்கோள் சமிக்ஞையைக் கொண்டு தன் இடத்தைத் துல்லியமாக அளந்துகொண்டே இருக்கும் தூண். நாட்டின் புவியியல் தகவல் ஆணையம் இப்படிச் சுமார் 1,300 நிலையங்களை, சராசரி 20 கி.மீ. இடைவெளியில் நட்டு வைத்திருக்கிறது. அந்த வலையமைப்புக்குத்தான் ஜியோநெட் என்று பெயர். ஜியோகேச்சிங் என்பது மற்றவர்கள் ஒளித்து வைத்த டப்பாவை (கேச்) ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு. அதற்குப் போகிறவர்களில் ஒரு கூட்டம் டப்பாவை விட்டுவிட்டு இந்தத் தூண்களைத் தேடி அலைகிறது. அது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதுதான் இங்கே பேச்சு.

கண்டுபிடித்த எண்ணிக்கையைக் கூட்டத்தான் போகிறீர்கள் என்றால் வேண்டாம். ஜியோகேச்சிங் தளத்தில் நில அளவைக் குறிகளைப் பதியும் வசதி அமெரிக்காவுக்கு மட்டுமே இருந்தது. 2023 தொடக்கத்தில் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் பல கட்டங்களைக் கடந்து டப்பாவை அடையும் மல்ட்டி கேச்சுக்கு இந்தத் தூண் அருமையான முதல் கட்டம். தகட்டில் உள்ள ஆறு இலக்க நிலைய எண்ணைப் படித்து, கணக்குப் போட்டு, அடுத்த இடத்துக்குப் போக வைக்கலாம். கேச்சுகளுக்கு இடையே 161 மீட்டர் இடைவெளி வேண்டும் என்ற விதி, பொருள் வைக்கும் கட்டங்களுக்கு மட்டும்தான், தகட்டைப் படிக்கும் கட்டத்துக்கு இல்லை. தூணிலோ அதன் அடியிலோ காந்த டப்பா ஒட்டுவதைப் பற்றி யோசிக்கவே கூடாது. அது அரசின் அளவைக் கருவி; பக்கத்தில் நிற்கும் ஒரு வேன் கூட சமிக்ஞையைப் பிரதிபலித்துத் தரவைக் கெடுக்கும்.

இடம் தேட ஆணையத்தின் இணைய வரைபடமே போதும். முக்கோணப் புள்ளிச் சின்னத்தையும் ரேடியோ கோபுரச் சின்னத்தையும் சேர்த்துப் போட்ட குறிதான் இதற்கு. மற்றவர்கள் தொகுத்த பழைய பட்டியல்களை நம்ப வேண்டாம், நிலையங்கள் இடம் மாறுவதுண்டு. பள்ளி வளாகத்துக்குள் இருப்பவற்றை முதலிலேயே கழித்துவிடுங்கள். வேலிக்கு வெளியே நின்று ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் வெளியாளை எந்த ஊர்ப் பள்ளியும் விரும்பாது.

போனவர்கள் எல்லோரும் முதலில் செய்வது ஒன்றுதான்: ஃபோன் காட்டும் ஆயத்தொலைவை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) ஆணையத்தின் அதிகாரபூர்வ எண்ணோடு ஒப்பிடுவது. குழப்பமும் அங்கேயே ஆரம்பிக்கிறது. ஆணையம் ஆயத்தொலைவை பாகை, நிமிடம், விநாடி என்று தருகிறது, அதுவும் விநாடியின் நான்காம் தசமம் வரை. அது தரையில் சுமார் 3 மில்லிமீட்டர். கேச்சிங் செயலிகளோ பாகையும் தசம நிமிடமும் கேட்கும், அதில் மூன்று தசமம்தான். அட்சரேகையில் 0.001 நிமிடம் என்றால் 1.85 மீட்டர். விநாடியை 60ஆல் வகுத்துத்தான் போட வேண்டும். 35 பாகை 40 நிமிடம் 12.3456 விநாடி என்பது 35 பாகை 40.206 நிமிடம். அதை 40.123 என்று அப்படியே தட்டினால் சுமார் 150 மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள், தூணே கண்ணில் படாது.

அடுத்த வில்லங்கம் உயரம். அதிகாரபூர்வ உயரம் தரைக்கானது அல்ல, தூணின் உச்சியில் உள்ள ஆன்டெனாவின் அடிப்பரப்புக்கானது. தரைமட்டத்தில் தனியாகப் பதித்த துணைக் குறிக்கு வேறு எண் உண்டு. தூணருகே நின்று பார்த்துவிட்டு 'நாலு மீட்டர் குறைகிறதே' என்று ஃபோனைத் திட்டுபவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிக்காதவர்கள். அதோடு சில செயலிகள் கடல்மட்ட உயரத்துக்குப் பதிலாக நீள்வட்டக் கோள உயரத்தை, அதாவது பூமியைச் சீரான நீள்வட்டக் கோளமாக வைத்துக் கணக்கிட்ட உயரத்தைக் காட்டும். டோக்கியோ பக்கம் அது 37 மீட்டர் அளவு கூடுதலாக வரும். நம் ஊரில் இதே பிழை தலைகீழ்: இந்தியாவின் தெற்கே ஜியாய்டு (சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய பரப்பு) ஆழமாகக் குழிந்திருப்பதால், பெங்களூரு இந்திய அறிவியல் கழக நிலையத்தின் நீள்வட்ட உயரம் சுமார் 844 மீட்டர்தான், கடல்மட்டக் கணக்கில் 900ஐத் தாண்டிய ஊர் அது. இன்னொன்று, ஜப்பான் 2025 ஏப்ரல் 1 முதல் உயர எண்களையே திருத்திவிட்டது. பழைய கேச் விவரணைகளில் உள்ள உயரங்கள் இப்போது ஒத்துவராது.

கிடைமட்டத்தில் நல்ல இரட்டை அலைவரிசை ஃபோன் திறந்த வெளியில் ஓரிரு மீட்டருக்குள் வந்துவிடும். ஆனால் தூணை ஒட்டி நின்று அளக்காதீர்கள். பளபளப்பான எஃகு சமிக்ஞையை எதிரொலிக்கும், பாதி வானத்தை உங்கள் உடலே மறைக்கும். மூன்று நான்கு மீட்டர் தள்ளி, ஃபோனை ஒரு முக்காலியில் படுக்கை வசமாக வைத்து, தூணிலிருந்து திசையையும் தூரத்தையும் டேப்பால் அளந்து கழித்துக்கொள்வது நல்லது.

இந்தப் பயணத்தின் உண்மையான ருசி பின்செயலாக்கத்தில் இருக்கிறது, அதாவது ஃபோனின் பதிவை நிலையத்தின் தரவோடு சேர்த்துப் பிறகு கணக்கிடுவதில். ஜியோநெட் தரவைப் பதிவு செய்துகொண்டால் இலவசமாக எடுக்கலாம், ரைனெக்ஸ் என்னும் கோப்பு வடிவில், 30 விநாடிக்கு ஒரு அளவீடு. ஃபோனில் செயற்கைக்கோள் (ஜிஎன்எஸ்எஸ்) அளவீடுகளைப் பதியும் ஜிஎன்எஸ்எஸ் லாகர் மாதிரி ஏதாவது ஒரு செயலி, கணினியில் கணக்கிட ஆர்டிகேலிப் என்னும் மென்பொருள், அவ்வளவுதான் செலவு. ஆண்ட்ராய்டின் டெவலப்பர் அமைப்பில் முழு ஜிஎன்எஸ்எஸ் அளவீட்டைக் கட்டாயமாக்கும் பொத்தானை இயக்க மறந்தால், மின்சாரம் மிச்சப்படுத்த ரிசீவர் அடிக்கடி கண்ணயரும். கேரியர் கட்டம் (செயற்கைக்கோள் அலையை இடைவிடாமல் பின்தொடரும் அளவீடு) துண்டு துண்டாகி மொத்தப் பதிவும் வீண். 20 நிமிடம் பதிந்தால் நிலையத்தோடு பொருந்தும் கணங்கள் 40 மட்டுமே. ஒரு மணி நேரமாவது விடுங்கள். அப்படி விட்டாலும் ஃபோனின் ஆன்டெனாவுக்கு சென்டிமீட்டர் தீர்வு அபூர்வம், ஒரு மீட்டருக்குள் என்றால் திருப்திப்படலாம்.

கோப்பு எடுக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். கோப்புப் பெயர் நிலைய எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தில் தொடங்கும். நாள் கணக்கு உலக நேரத்தை ஒட்டியது, ஜப்பான் ஒன்பது மணி நேரம் முந்தியது. காலை 9 மணிக்கு முன் அளந்திருந்தால் முந்தைய நாளின் கோப்புதான் வேண்டும். 'தரவு பொருந்தவில்லை' என்று புலம்புபவர்களில் பலருக்கு இதுதான் கோளாறு.

நிலையத்தின் ஆயத்தொலைவை ரைனெக்ஸ் கோப்பின் தலைப்பகுதியிலிருந்து எடுக்காதீர்கள், அது தோராயம். அதிகாரபூர்வ எண்ணைப் போட்டால் விடை அந்த எண்ணின் காலத்துக்கு உரியதாக வரும்: மேற்கு ஜப்பானுக்கு 1997 ஜனவரி 1, 2011 நிலநடுக்கத்தில் நகர்ந்த கிழக்குப் பகுதிக்கு 2011 மே 24. இன்றைய இடம் வேண்டுமென்றால் எஃப்5 என்னும் தினசரித் தீர்விலிருந்து எடுக்க வேண்டும். நிலம் நகர்ந்துகொண்டே இருப்பதால் இரண்டும் ஒன்றாக இருக்காது. வடகிழக்கு ஜப்பானின் ஒஷிகா நிலையம் நிலநடுக்க நாளான 2011 மார்ச் 11 அன்று தென்கிழக்கை ஒட்டி 5.3 மீட்டர் நகர்ந்து 1.2 மீட்டர் தாழ்ந்தது. ஒரு கேச்சிங் ஃபோனே கண்டுபிடித்துவிடக்கூடிய நகர்வு அது. பெரிய நிலநடுக்கத்துக்குப் பின் அந்தப் பகுதியின் எண்களை வெளியிடுவதை ஆணையம் நிறுத்தி வைத்துத் திருத்தும். ஆகவே அந்த வட்டாரத்துக்குப் போகுமுன் எண் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள், முன்பு சேமித்து வைத்த பட்டியலைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.