"45 நாள் குட்டி, ஊசி போட்டாச்சு" என்று விற்பவர்களிடம் உஷார்

சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் லாப்ரடார் குட்டி தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள். எங்களுக்குக் குட்டி விற்று ஏமாற்றியவரின் பெயரையும் எண்ணையும் போடப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறோம், அது தனியாக நடக்கிறது. அவரை ஒதுக்கினாலும் இதே வசனத்தோடும் இதே மாதிரி தடுப்பூசி அட்டையோடும் வேறு ஒருவர் வருவார் என்பதால் ஏமாற்றும் விதத்தை எழுதுகிறேன்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்தது: "45 நாள், ஊசி போட்டாச்சு, பூச்சி மருந்து கொடுத்தாச்சு, கடைசி 2 குட்டி." விலை 14,000 ரூபாய். நேரில் போனோம். போர்டிகோவில் ஒரே கூண்டில் லாப்ரடார், பக், ராஜபாளையம் என்று கலந்து கிடந்தன. தாயைப் பார்க்கணும் என்றேன். "குட்டி போட்டதுலேர்ந்து யாரையும் கிட்ட விடமாட்டேங்குதுக்கா, பின்னாடி கட்டியிருக்கேன்" என்றார். பின்னாடியிலிருந்து ஒரு குரைப்புச் சத்தம்கூட வரவில்லை. கென்னல் கிளப் பேப்பர், அதாவது சுத்த ஜாதி நாய் என்பதற்கான பதிவுச் சான்று, வேண்டுமென்றால் தனியாக 3,000, ஒரு மாதத்தில் வரும் என்றார். வேண்டாம் என்றோம். தடுப்பூசி அட்டையைக் கையில் கொடுத்தார். ஸ்டிக்கர் ஒட்டி, தேதி போட்டு, கீழே ஒரு கிறுக்கல் கையெழுத்து. பார்க்க அசல் அட்டைதான்.

வீட்டுக்கு வந்த குட்டி தூங்கிக்கொண்டே இருந்தது. பயணக் களைப்பு என்று போனில் சொன்னார். ராத்திரி வெள்ளை நுரையாக வாந்தி. மறுநாள் சாயங்காலம் ரத்தக்கழிச்சல். அந்த நாற்றம் சாதாரண வயிற்றுப்போக்கில் வராது. மறுபடி கூப்பிட்டால், "பால் மாத்தினதால வர்றதுக்கா, தயிர்சாதம் குடுங்க, சரியாயிடும்."

டாக்டர் ஆசனவாயில் ஒரு பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து, சின்ன பரிசோதனை அட்டையில் சொட்டு வைத்தார். பத்து நிமிடத்துக்குள் இரண்டு கோடு. குட்டிகளின் குடலைத் தாக்கும் கொடிய வைரஸ் நோய், பார்வோ. அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: குட்டியின் வாயைத் திறந்து பார்த்தார். முன்பல்லும் கோரைப்பல்லும் அப்போதுதான் ஈறைக் கிழித்து எட்டிப் பார்த்தன. உள்பக்கம் கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை. "இது 45 நாள் குட்டி இல்லைம்மா, ஒரு மாசம் ஆகியிருந்தா அதிகம்."

நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28. மூன்றாவது, நான்காவது வாரத்தில் முளைக்க ஆரம்பித்து, எட்டு வாரம் ஆகும்போது ஏறக்குறைய எல்லாம் வந்துவிடும். அட்டையில் என்ன தேதி வேண்டுமானாலும் எழுதலாம். பல்லில் எழுத முடியாது.

விற்றவர் கொடுத்த தடுப்பூசி அட்டையை டாக்டரிடம் காட்டினேன். பிறந்த தேதி எழுத வேண்டிய இடம் காலி. கையெழுத்துக்குக் கீழே டாக்டரின் பெயர் இல்லை, கால்நடை மருத்துவ கவுன்சில் பதிவு எண் இல்லை. ஸ்டிக்கர் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டுவது. அது இருந்தால் ஒரு குப்பி எங்கோ திறக்கப்பட்டது என்று மட்டும்தான் அர்த்தம். யாருக்குப் போட்டார்கள், போடும் வரை அதைக் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருந்தார்களா என்பதையெல்லாம் ஸ்டிக்கர் சொல்லாது.

உண்மையிலேயே போட்டிருந்தாலும் பெரிய பலன் இருந்திருக்காதாம். குட்டி பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில்தான் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி இறங்குகிறது. அது உடம்பில் இருக்கும் வரை தடுப்பூசியையும் வேலை செய்ய விடாது. சில குட்டிகளுக்கு ஆறாவது வாரத்திலேயே அது வற்றிவிடும், சிலவற்றுக்குப் பதினாறு வாரம் வரை இழுக்கும். எந்தக் குட்டிக்கு எப்போது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசியைப் போட்டு, இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒன்றாக, 16 வாரம் தாண்டும் வரை தொடரச் சொல்கிறார்கள். "ஊசி போட்டாச்சு" என்று ஒரே ஊசியைக் காட்டி முடித்துவிடுகிற விஷயமே இல்லை. வெறிநாய்க்கடி ஊசி தனி, அது மூன்று மாதம் ஆனபிறகு.

நரம்பு கிடைக்காமல் திணறி, டிரிப் ஏற்றி, வாந்திக்கு ஊசி போட்டு, உடம்பு சில்லிட்டுப் போகாமல் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, டாக்டர் பட்ட பாடு கொஞ்சமில்லை. பார்வோ வைரஸை நேரடியாகக் கொல்ல வழக்கமான மருந்து எதுவும் இல்லை. உடம்பில் நீர் வற்றாமல் பிடித்து நிறுத்தினால் குட்டி தானே மீள வேண்டும். சீக்கிரம் கொண்டுவந்தால் நிறையக் குட்டிகள் பிழைக்கின்றன என்றார். எங்களுடையது பிழைக்கவில்லை. இத்தனை சின்ன வயதில் தாயைவிட்டுப் பிரித்த குட்டிக்கு எதிர்த்து நிற்க உடம்பில் என்ன இருக்கும்?

இதற்குப் பிறகுதான் அடுத்த வலை. குட்டி போய்விட்டது என்று சொன்னதும் ஆள் சண்டைக்கு வரவில்லை. "ஐயோ பாவம்க்கா, வேற குட்டி தர்றேன், காசு வேண்டாம், இன்னைக்கே வந்து எடுத்துக்குங்க." எவ்வளவு நல்ல மனுஷன் என்று தோன்றும். வீட்டில் பிள்ளை அழுதுகொண்டிருக்கும்போது இது காதில் விழுந்தால் யாரும் கிளம்பிவிடுவார்கள். தயவுசெய்து போகாதீர்கள். பார்வோ தொற்றி மூன்றிலிருந்து ஏழு நாளில் நோய் தெரியும், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். வாங்கி வந்த மறுநாளே ரத்தம் போனால் அந்தக் கூண்டிலேயே தொற்றியிருக்கிறது. அவர் தரப்போவதும் அதே கூண்டுக் குட்டி. அது இறங்கப்போவதும் வைரஸ் கிடக்கிற உங்கள் வீட்டுத் தரையில். புகார் வராமல் வாயை அடைக்க அவருக்கு ஒரு குட்டி செலவு, அவ்வளவுதான்.

வீட்டைப் பற்றி இன்னொன்று. பினாயில் ஊற்றிக் கழுவினால் இந்த வைரஸ் சாகாது. முதலில் சோப்பு போட்டு அழுக்கைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கடையில் கிடைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் பிளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடமாவது ஊறவிட வேண்டும். பாய், துணிப்பொம்மை, மரச்சாமான் மாதிரி பிளீச் தாங்காதவற்றைத் தூக்கிப் போடுவது மேல். மண் தரை இருந்தால் கஷ்டம்தான். மாதக்கணக்கில் கிடக்கும், நிழலும் ஈரமுமாக இருந்தால் ஒரு வருஷம்கூட. ஊசி முடியாத குட்டியை அங்கே விடவே கூடாது. செருப்பில் ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கும் போகும்.

இனி சட்டம். நாய் வளர்ப்பு, விற்பனைக்கு மத்திய அரசு 2017இல் விதிகள் கொண்டுவந்தது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. இனவிருத்தி செய்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எட்டு வாரம் என்றால் 56 நாள். ஆக, அவர் சொன்ன 45 நாள் உண்மையாகவே இருந்தாலும் விற்றது விதிமீறல்தான்! இதைத் தைரியமாக ஸ்டேட்டஸில் வேறு போடுகிறார்கள்.

அதனால் போகும்போது முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். தாய் குட்டிக்குப் பால் கொடுப்பதைக் கண்ணால் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள். கடிக்கும், வெளியூரில் இருக்கிறது, தூங்குகிறது எல்லாம் ஒரே பதில்தான். பல ஜாதிக் குட்டிகள் ஒரே கூண்டில் கிடந்தால் அது வளர்க்கும் இடம் இல்லை, நாலு இடத்தில் வாங்கிச் சேர்த்து விற்கும் இடம். வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைப் பாருங்கள். அட்டையில் டாக்டர் பெயர் இருந்தால் அங்கிருந்தே அவருக்குப் போன் போடுங்கள். விற்பவரின் முகம் மாறுகிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் ஸ்டேட்டஸ் ஸ்கிரீன்ஷாட், பணம் அனுப்பிய ரசீது, பரிசோதனை முடிவு, குட்டியின் வயதை டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே கிடையாது. நாங்கள் அங்கேதான் போயிருக்கிறோம். "14,000 ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். ஆமாம், அலையத்தான் போகிறேன்.

அதே கூண்டிலிருந்து அண்மையில் யாராவது குட்டி வாங்கியிருந்தால், நன்றாகத்தான் இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள். இன்றே டாக்டரிடம் காட்டுங்கள். கிளினிக்குக்குப் போகும் முன் போனில் பார்வோ சந்தேகம் என்று சொல்லிவிடுங்கள். குட்டியைக் காத்திருப்பு அறையில் தரையில் விடாமல் கூடையிலேயே வைத்திருங்கள், பக்கத்தில் வேறு யாராவது முதல் ஊசிக்குக் குட்டியோடு வந்திருப்பார்கள்.