இரண்டு நாளும் பதினாறு மாதமும்

தமிழகத்தின் 2003, 2018 வேலைநிறுத்தங்களில் எது மேலாகக் கையாளப்பட்டது? தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் 2003 ஜூலை 2 அன்று வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஜூலை 4-ல் அவசரச் சட்டம் வந்தது. ஏறக்குறைய 1.7 லட்சம் பேர் விசாரணையின்றி டிஸ்மிஸ் செய்யப்பட்டனர். பிறகு உச்ச நீதிமன்றம் தலையிட்டு, பெரும்பாலோரை மீண்டும் பணியில் சேர்க்க வழி செய்தது. ஆனால் ஆகஸ்ட் 6 தீர்ப்பில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமையே இல்லை என்றும் அதுவே சொன்னது.

போக்குவரத்துக் கழகங்களில் நடந்தது இதற்கு நேரெதிர். ஊதிய ஒப்பந்தம் 2016 ஆகஸ்ட்டிலேயே முடிந்துவிட்டது. பேச்சுவார்த்தை பதினாறு மாதம் இழுத்தது. கடைசியில் அடிப்படை ஊதியத்தை அரசு 2.44 மடங்காக்கலாம் என்றது, சங்கங்கள் 2.57 என்றன. 2018 ஜனவரி 4 மாலை பேருந்துகள் நின்றன. பொங்கல் நெருங்கும் நேரம். பாதி வழியில் தவித்தவர்களை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. ஒரு வாரம் கழித்து, ஓய்வுபெற்ற நீதிபதியை மத்தியஸ்தராக உயர் நீதிமன்றம் நியமித்த பிறகே பேருந்துகள் ஓடின.

வேகத்தில் 2003 முந்தியது. ஆனால் அந்த வேகம் தண்டனையில் இருந்ததே தவிர, பேச்சில் இல்லை. அதனால் எனக்கு 2018-தான் மேல். மத்தியஸ்தரை 2016-லேயே அமர்த்தியிருக்கலாம்.