கால்பலகையா, கைப்பிடி மேசையா, மோட்டார் மேசையா?

புதுச்சேரி சேதராப்பட்டில் வயரிங் ஹார்னஸ் (மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டிய கம்பிக்கட்டு) தயாரிக்கும் எங்கள் சிறிய ஆலையில் பழைய மேசைகளை மாற்ற வேண்டி வந்தபோது, மூன்று வழிகள் முன்னால் இருந்தன: உயரம் மாறாத மேசையும் ஏறி நிற்பதற்கான கால்பலகையும், கைப்பிடியைச் சுழற்றி உயர்த்தும் மேசை, மோட்டாரில் ஏறி இறங்கும் மேசை. கைப்பிடி மேசையை வாங்கினோம். இந்த அலசலும் அதன் பக்கமே சாயும்.

150 செ.மீ உயரமுள்ள ஒருவருக்கும் 175 செ.மீ உயரமுள்ளவருக்கும் முழங்கை மட்டம் ஏறத்தாழ 15 செ.மீ வேறுபடும். நின்று செய்யும் நுண்ணிய வேலைக்கு மேசை முழங்கைக்கு 5 முதல் 10 செ.மீ மேலேயும், இலகுவான பொருத்தும் வேலைக்கு 10 முதல் 15 செ.மீ கீழேயும் இருப்பது நல்லது என்பது பணிச்சூழலியலின் பழைய வழிகாட்டல். காலையில் சால்டரிங்கும் மதியம் டேப் சுற்றுவதுமாக இருந்தால், ஒரே ஆளுக்கே இரண்டு உயரங்கள் தேவைப்படும். உயரம் ஒத்துவராதபோது கழுத்து குனிகிறது, கண் சோர்கிறது. ஷிப்டின் கடைசி மணிகளில், கிரிம்ப் செய்த, அதாவது கம்பி முனையில் அழுத்திப் பொருத்திய, டெர்மினலுக்கு வெளியே ஒரு செம்பு இழை நீட்டிக்கொண்டிருப்பது பார்வைக்குத் தப்புகிறது. அந்த ஓர் இழைக்காக ஹார்னஸ் ரீவொர்க்குக்குத் திரும்புகிறது.

கால்பலகை மலிவானது. மிக உயரமானவருக்கு ஏற்ப மேசையை அமைத்து, மற்றவர்களைப் பலகையில் ஏற்றிவிடலாம். ஆனால் பெட்டியைக் கையில் ஏந்தித் திரும்புகிறவருக்கு அதன் விளிம்பு தடுக்கும். ஆள் இடம் மாறினால் பலகையும் கூடவே போக வேண்டும்.

மோட்டார் மேசை வசதியில் எல்லாவற்றையும் மிஞ்சும். பொத்தானை அழுத்தினால் போதும். இருந்தும் எங்களைத் தயங்க வைத்தது பராமரிப்பு. கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியிருந்தும், உப்புக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் எங்கள் ஆலையில் எந்தத் திருகையும் விடுவதில்லை. மோட்டார் மேசையில் அந்த ஈரம் கன்ட்ரோல் பாக்ஸையும் இணைப்பு முனைகளையும் தொடுகிறது. இரண்டு கால்களின் மோட்டார்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால் மேசை பாதியில் நின்றுவிடும். மாற்று போர்டு வரும்வரை அந்த இடத்தில் வேலை இல்லை. கைப்பிடி மேசையில் இருப்பவை பல்சக்கரமும் திருகுத்தண்டும்தான். எங்கள் ஃபிட்டரே பழைய கிரீஸைத் துடைத்துப் புதியதைப் பூசிவிடுகிறார். மின்தடையும் அதைத் தொடாது. மோட்டார் மேசையை அண்டை ஆலையில் பார்த்த அளவிலேயே அறிவேன், ஆகவே நல்ல தயாரிப்பு ஒன்று நெடுங்காலம் உழைக்கவும் கூடும்.

கைப்பிடிக்கும் குறை உண்டு: சுழற்ற நேரமாகும், நேரமானால் யாரும் சுழற்ற மாட்டார்கள். அதற்காக மேசைக் காலில் செ.மீ அளவு நாடாவை ஒட்டி, ஒவ்வொருவருடைய எண்ணையும் ஷிப்ட் பலகையில் எழுதி வைத்தோம். “நம்பரைப் பார்த்துச் சுத்துனா ஆச்சு சார், யாரையும் கேக்க வேண்டியதில்ல” என்றார் கிரிம்பிங் பார்க்கும் பெண் ஒருவர். எந்த மேசையானாலும் ஸ்டூல் தேவை. நின்று வேலை செய்பவர்களுக்கு இருக்கை வசதி வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44-ஆம் பிரிவே சொல்லியிருந்தது.

வாங்குமுன் மூன்றைக் கேளுங்கள்: மேசை எவ்வளவு தாழ இறங்கும், கைப்பிடி மட்டும் தனியாகக் கிடைக்குமா, முழு உயரத்தில் எர்த் வயரும் காற்றுக் குழாயும் இழுபடாத அளவு நீளமாக இருக்குமா.