கொண்டாக்ஸ் ஜீ2: கடற்கோடு பிடிபடாத கமரா

கியோசெரா 1996இல் வெளியிட்ட இந்த பிலிம் கமராவைப் பழகச் சிரமம் குவியத்தில்தான். சாதாரண ரேஞ்ச்ஃபைண்டரில், அதாவது தூரம் அளந்து கையால் குவியம் வைக்கும் கமராவில், இரட்டை உருவம் ஒன்றாகிக் குவியம் தெரியும். இதில் அந்த வசதி இல்லை, கமராவே தானாகக் குவியம் பிடிக்கும். வியூஃபைண்டரில் எல்லாமே எப்போதும் தெளிவு, பிலிம் கழுவிய பிறகுதான் பிழை தெரியும்.

வியூஃபைண்டரின் நடுவிலுள்ள குவியச் சட்டத்தை (நடுச்சட்டம்) நிலைக்குத்தான விளிம்பில் வைக்க வேண்டும். திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில் கடலும் வானமும் சேரும் கடற்கோட்டைக் குறிவைத்தால் தடுமாறும். கமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடியுங்கள், அல்லது அதே தூரத்திலுள்ள தோணியின் கம்பத்தில் ஷட்டரை அரைவாசி அழுத்திப் பூட்டி, பிறகு கமராவை நகர்த்திக் காட்சியை அமையுங்கள். கோணேசர் கோயில் வாசல் கூட்டத்தில் நடுச்சட்டம் இரண்டு தலைகளுக்கு இடையே விழுந்தால் பின்சுவர்தான் கூர்மையாக வரும். முகம் பார்த்துப் பூட்டுங்கள்.

45 மிமீ பிளானர் லென்ஸ் அற்புதம். 90 மிமீ லென்ஸில் குவியம் தவறினால் மன்னிப்பே இல்லை, தொடக்கத்தில் வேண்டாம்.

இரண்டு சீஆர்2 பற்றரி இல்லாமல் ஷட்டர்கூட அசையாது. உற்பத்தி 2005இல் நின்றதால் எலக்ட்ரொனிக்ஸ் பழுதானால் திருத்துவது கஷ்டம். திருகோணமலை உப்புக்காற்றுக்கு சிலிக்கா ஜெல்லுடன் காற்றுப்புகாப் பெட்டி கட்டாயம்.