செவ்வகமா, க்வாட்ட்ரீயா, வொரோனோயா: நிலத்தடி நீர் மாதிரிக்கு எந்த வலை?

நிலத்தடி நீரோட்டத்தைக் கணிக்க நிலப்பரப்பைக் கட்டங்களாகப் பிரிக்கும் வலை ஒன்று வேண்டும். சென்னைக்கு வடக்கே உள்ள ஆரணியாறு–கொசஸ்தலையாறு படுகைக்கு மோட்ஃப்ளோ 6 என்ற கணிப்பு மென்பொருளில் மாதிரி அமைத்தபோது, தேவையான இடத்தில் மட்டும் ஒரு கட்டத்தை நான்கு நான்காகப் பிரித்துக்கொண்டே போகும் க்வாட்ட்ரீ வலையைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

செவ்வக வலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 40 கி.மீ.க்கு 50 கி.மீ. பரப்பை 500 மீட்டர் கட்டங்களாக வெட்டினால் அடுக்குக்கு 8,000 கட்டங்கள். மீஞ்சூர், பஞ்செட்டி கிணறுகளைச் சுற்றி நீர்மட்டம் குழிவதைப் பார்க்க எனக்கு 31.25 மீட்டர் தேவைப்பட்டது. பரப்பு முழுவதையும் அப்படி நறுக்கினால் 20 லட்சத்தைத் தாண்டும். கிணறுகள் உள்ள வரிசைகளை மட்டும் நெருக்கினாலோ, ஒல்லிக் கட்டங்கள் படுகையின் எல்லைவரை ஓடும். மொத்த நீர்க்கணக்கு மட்டும் போதும் என்பவருக்கு இதுவே தாராளம்.

ஒவ்வொரு இடமும் தனக்கு மிக அருகிலுள்ள புள்ளியின் கட்டத்தில் சேரும்படி பலகோணங்களாகப் பிரிப்பது வொரோனோய். பார்க்க அழகு, கணக்கிலும் நேர்மையானது. பக்கத்துக் கட்டங்களின் மையங்களை இணைக்கும் கோடு பொது விளிம்பைச் செங்குத்தாக வெட்ட வேண்டும் என்பது மோட்ஃப்ளோவின் அடிப்படை எதிர்பார்ப்பு. வொரோனோயில் அது இயல்பாகவே அமைகிறது. க்வாட்ட்ரீயில் பெரிய கட்டம் இரண்டு சிறியவற்றைத் தொடும் இடத்தில் பிசகுகிறது. இந்தப் பிசகைச் சரிக்கட்ட மோட்ஃப்ளோவில் உள்ள எக்ஸ்டி3டி வசதியை இயக்கித் திருத்தலாம், ஆனால் ஓட்ட நேரம் கூடும். ஆற்றின் வளைவைத் தழுவிச் செல்வது வொரோனோயின் இன்னொரு பெருமை. கட்டத்துக்குள் விழும் ஆற்று நீளத்தை வைத்துத்தான் கசிவைக் கணக்கிடுகிறோம் என்பதால் அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. கிணற்றுப் பட்டியல் ஒருநாளும் முடிவதில்லை. வொரோனோயில் ஒரு கிணற்றைச் சேர்த்தால் வலையை மறுபடி பின்ன வேண்டும், அக்கம்பக்கக் கட்டங்களின் உருவமே மாறிவிடும். பாடுபட்டுச் சரிசெய்த ஊடுருவு திறன் மதிப்புகளைப் புதிய கட்டங்களுக்கு இடைக்கணித்து மாற்ற வேண்டும். பிறகு நீர்மட்டம் அரை மீட்டர் இறங்கினால், இறக்கியது புதிய கிணறா புதிய வலையா என்று பிரித்தறிவது பெரும்பாடு. க்வாட்ட்ரீயிலும் கட்ட எண்கள் மாறத்தான் செய்யும். ஆனால் சிறு கட்டங்கள் நான்கும் பழைய பெரிய கட்டத்துக்குள் கச்சிதமாக அடங்குகின்றன. தாயின் மதிப்பை அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். நான்கின் சராசரியை எடுத்துப் பழைய விடையோடு நேரடியாக ஒப்பிடலாம். மோட்ஃப்ளோவுக்கான பைதான் நிரல் தொகுப்பான ஃப்ளோபையில் இதற்குச் சில வரிகள் போதும்.

என் படுகை ஏறக்குறைய சமதளமான வண்டல். பாறைப் பிளவுகள் குறுக்கே ஓடும் நிலத்தில் வொரோனோய் முந்தக்கூடும், அங்கே நான் ஓட்டிப் பார்த்ததில்லை. கடலோரத்தில் உட்புகும் கடல்நீரின் அடர்த்தியையும் இந்த வலையில் இன்னும் சேர்க்கவில்லை.

க்வாட்ட்ரீக்குப் போகிறவர்கள் பக்கத்துக் கட்டங்களின் அளவுக்கிடையே ஒரு படிக்கு (ஒரு முறை நான்காகப் பிரிப்பதற்கு) மேல் வேறுபாடு விடவேண்டாம். எக்ஸ்டி3டியோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஓட்டிக் கிணற்று மட்டங்களை ஒப்பிடுங்கள். வித்தியாசம் உங்கள் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கினால், எக்ஸ்டி3டியை அணைத்துவிட்டே வேலையைத் தொடரலாம்.