தோள்வரை வரும் மீன் தொட்டி கிளவுஸ்: இரண்டு மழைக்குப் பிறகு

தோள்வரை வருகிற மீன் தொட்டி கிளவுஸ் விலை இறங்கியிருக்கிறது, "வாங்கிப் போடட்டுமா அண்ணே?" என்று மார்த்தாண்டத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். நாகர்கோவிலில் என் வீட்டில் இருப்பது நாலடித் தொட்டி. ஒன்றரை அடி அகலம், இரண்டடி உயரம், விளிம்புவரை நிரப்பினால் 340 லிட்டர் பிடிக்கும். நான் முதலில் வாங்கிய ஜோடி ரப்பர் பாலில் செய்தது. இப்போது போடுவது பிவிசி.

என் எரிச்சலை முதலிலேயே கொட்டிவிடுகிறேன். இதன் உள்பக்கம் காயவே காயாது. நமக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. வேலை முடிந்து கழற்றும்போது உள்ளே வியர்வை சொதசொதவென்று இருக்கும். கைப் பகுதியை வெளிப்புறமாகப் புரட்டிவிடலாம், விரல்கள் மட்டும் வராது. சின்ன கிளவுஸ் என்றால் வாயை முறுக்கிக் காற்றை உள்ளே அடைத்து அழுத்தினால் விரல்கள் பட்டென்று வெளியே வந்துவிடும். இந்தக் கனத்துக்கு அந்த வேலை நடக்காது. கொடியில் தொங்கவிட்டும் பார்த்தேன், டேபிள் ஃபேன் முன்னால் வைத்தும் பார்த்தேன். அடுத்த தடவை கையை விட்டால் விரல் நுனியில் அதே பிசுபிசுப்பு, கூடவே ஊசிப்போன வாடை. சரியாகக் காயாத ரப்பர் ஷீட்டில் மழைக்காலத்தில் பூசணம் பூக்குமே, உள்ளே அதுபோலத்தான். பவுடர் போட்டால் கட்டிகட்டியாகத் திரண்டுவிடுகிறது. செய்து விற்கிறவர்கள் உள்ளே ஒரு துணி உறையைக் கழற்றி மாட்டுகிற மாதிரி வைத்திருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். இவ்வளவு விலை வைக்கிறவர்களுக்கு அது தோன்றவில்லை.

மாடி வெயிலில் போடலாமே என்பீர்கள். ரப்பர் பால் கிளவுஸுக்கு வெயிலும் ஆகாது, எண்ணெயும் ஆகாது. தலைக்கும் உடம்புக்கும் தேங்காய் எண்ணெய் தேய்க்கிற நம் ஊரில் அது எத்தனை நாள் தாங்கும்? என் முதல் ஜோடி தோள் பக்கம் ஒட்ட ஆரம்பித்து, ஒருநாள் எலாஸ்டிக் ஓரத்தில் கிழிந்தது. எண்ணெயை நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் நன்றாகத் தாங்கும், பிவிசி ஓரளவு தாங்கும். ரப்பர் பாலில் இருக்கும் புரதம் சிலருக்கு ஒவ்வாமை தரும். போட்டதும் அரிப்பு வந்தால் அந்த வகையை விட்டுவிடுங்கள்.

இவ்வளவு திட்டிக்கொண்டும் ஏன் போடுகிறேன் என்றால், என் மச்சான் பட்ட பாடு. தொட்டி மாற்றும்போது சக்கர் மீனின் துடுப்பு முள் அவர் விரல் முட்டியில் கீறியது. சில வாரம் கழித்து அதே இடத்தில் சிவப்பாக ஒரு முடிச்சு. வலி பெரிதாக இல்லை. அப்புறம் முன்கையில் வரிசையாக இன்னும் சில. முதலில் பார்த்த இடத்தில் மரு என்று சொல்லிக் களிம்பு கொடுத்து அனுப்பிவிட்டார்கள், அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. பிறகு பார்த்த தோல் மருத்துவர்தான் "வீட்டில் மீன் வளர்க்கிறீர்களா?" என்று கேட்டார். சதைத் துணுக்கு எடுத்துச் சோதித்ததில் மைக்கோபாக்டீரியம் மரினம் என்று வந்தது. காசநோய்க் கிருமிக்குச் சொந்தம். 1926இல் அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா மீன் காட்சியகத்து மீன்களில் முதலில் கண்டறியப்பட்டது. 30 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் நன்றாக வளரும். அதனால்தான் உடம்பின் உள்ளே போகாமல் பெரும்பாலும் கையிலும் விரலிலும் தங்கிவிடுகிறது. நம் ஊரில் வெயில் காலத்துத் தொட்டித் தண்ணீரும் அந்தச் சூட்டில்தானே இருக்கிறது. ஆளுக்கு ஆள் ஒட்டாது, ஆனால் மச்சான் மாதக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டார். உங்களுக்கு ஆறாத முடிச்சு ஏதாவது வந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் மீன் தொட்டி இருப்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

நான் எதிர்பார்க்காத நன்மை ஒன்றும் உண்டு. கை ஆழத்துக்குப் போகப்போக, தண்ணீரின் அழுத்தமே கிளவுஸைத் தோலோடு ஒட்டவைத்துவிடும். வெளியே தொளதொளவென்று இருந்த விரல்கள் தொட்டியின் அடியில் கச்சிதமாகப் பிடிக்கும், செடித் தண்டைக்கூட ஊன்றிவிடலாம். மீனுக்கும் இது நல்லது. கையில் இருக்கிற சோப்பு, சானிடைசர், கொசுக் களிம்பு எதுவும் தண்ணீரில் இறங்காது. நான் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாளில் முன்பெல்லாம் தண்ணீர் மேல் படலம் மிதக்கும், இப்போது அது இல்லை. ஆனால் தோள் ஓரம் ஒரு விரற்கடை தண்ணீருக்குள் போனால் போதும், மொத்தமும் உள்ளே நிரம்பிக் கை தூக்க முடியாதபடி கனத்துவிடும்.

இதைப் போட்டால் கரண்ட் அடிக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஹீட்டர், ஃபில்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கை விட வேண்டும். கடல் தொட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: சிங்க மீனின் விஷ முள் இதைச் சுலபமாகத் துளைத்துவிடும்.

கால்நடை மருந்துக் கடையில், மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் மாட்டுகிற தோள்வரை நீளமான மெல்லிய பிளாஸ்டிக் கிளவுஸ் கிடைக்கும். அதைப் போட்டு, மேலே சாதாரண நைட்ரைல் கிளவுஸ் மாட்டினால் பிடியும் கிடைக்கும், காய வைக்கிற தலைவலியும் இல்லை. கல் உரசினால் கிழியும், ஒவ்வொரு தடவையும் குப்பை சேரும். அந்தக் குப்பைதான் எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

தம்பிக்கு என் பதில்: இந்த விலைக்கும் வாங்க வேண்டாம். உங்களுடையது இரண்டடித் தொட்டி, ஒரு நீள இடுக்கியும் முழங்கைவரை வரும் நைட்ரைலும் போதும். கையில் கீறல் இருக்கிற அன்று தொட்டி வேலையே வேண்டாம். எனக்கு மட்டும் இன்னொரு ஜோடி சொல்லியிருக்கிறேன், ஒன்று காயும்வரை மற்றதைப் போட்டுக்கொள்ள.