எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் மேலாண்மை நிறுவனம்: ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் வீட்டு உரிமையாளர் சங்கங்கள் பலவும் அன்றாட நிர்வாகத்தைக் கட்டணத்துக்கு ஒரு மேலாண்மை நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடுகின்றன. அத்தகைய நிறுவனம் புல் வெட்டுவதையும் நீச்சல்குளத்தைப் பராமரிப்பதையும் பார்த்து மதிப்பெண் போடுவது எளிது. எங்கள் நிறுவனத்தின் தரம் தெரிந்ததோ, வாடகைக்கு விடப்பட்ட ஒரு வீட்டில் போதைப்பொருள் விற்கப்படுகிறதோ என்ற சந்தேகம் எழுந்தபோதுதான்.

நள்ளிரவு தாண்டியும் கார்கள் வந்து நிற்பதும், எஞ்சினை அணைக்காமலேயே ஒருவர் இறங்கிப்போய் ஓரிரு நிமிடங்களில் திரும்புவதும் அக்கம்பக்கத்தாரை உறுத்தின. எழுத்துமூலம் புகார் போனதும் மேலாளர் தெளிவாகப் பதில் எழுதினார்: கண்ணெதிரே ஆபத்து என்றால் 911-ஐ அழைக்க வேண்டும், இல்லையென்றால் காவல்துறையின் அவசரமற்ற அழைப்புகளுக்கான எண்ணை அழைக்க வேண்டும், எவர் வீட்டையும் சோதனையிடும் அதிகாரம் சங்கத்துக்குக் கிடையாது. சிலருக்கு இது தட்டிக்கழிப்பதாகப் பட்டது. என்னைக் கேட்டால், துப்பறியக் கிளம்பாத நிர்வாகமே நல்ல நிர்வாகம்.

அதற்காக அவர்கள் சும்மா இருக்கவில்லை. விருந்தினர் கார் நிறுத்துமிடத்தைத் தொடர்ந்து அடைத்துக்கொண்டதும் இரவுநேர இரைச்சலும் சங்க விதிகளை மீறியவை என்பதால், வீட்டின் உரிமையாளருக்கே நோட்டீஸ் அனுப்பி, அபராதம் விதிக்கும் முன் விளக்கம் தர அவகாசமும் கொடுத்தார்கள். அந்த நோட்டீஸில் தேதி, நேரம், வண்டி எண், மீறப்பட்ட விதி ஆகியவை இருந்தனவே தவிர, 'போதைப்பொருள்' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. நிரூபிக்க முடியாத ஒரு சொல் அவதூறு வழக்கை வாசலுக்கு அழைத்துவரும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய கடிதம் அது. குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் அந்தக் குடும்பத்தின் பூர்வீகத்தை இழுத்துப் பேசியபோது, அதை உடனே நீக்கச் சொன்ன மேலாளர், இனத்தையோ பூர்வீக நாட்டையோ பார்த்து ஒரு வீட்டுக்கு மட்டும் விதியை இறுக்கினால் 1968-ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டப்படி சங்கமே பதில் சொல்ல வேண்டிவரும் என்றும் நினைவூட்டினார்.

கோட்டை விட்ட இடம் கேமரா. நுழைவாயில் கேமராவின் பழைய பதிவுகள் மீது புதியவை தாமாகவே பதிவாகிவிடும். புகார் வந்த அன்றே அவற்றைத் தனியே எடுத்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை. காவல்துறை கேட்டபோது கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை. மாதச் சந்தாவில் கேமராவுக்கும் சேர்த்துத்தானே வாங்குகிறார்கள்! புகார் கொடுத்தவர்களுக்கு ஒப்புகை தவிர வேறு தகவலும் வரவில்லை. நிர்வாகக் குழுவின் மூடிய அமர்வில் பேசியதை வெளியிட முடியாதுதான். 'விதிமீறலாக எடுத்துக்கொண்டோம்' என்று ஒரு வரி எழுதுவதற்கு என்ன தடை?

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவும் கை தூக்குவேன். ஆனால் புகார் பதிவாகும் நாளிலேயே கேமராப் பதிவுகளைப் பிரித்துப் பாதுகாக்க வேண்டும் என்ற நிபந்தனையை அதில் எழுத்தில் சேர்க்க வேண்டும்.